ஒரு காளை, பத்து உருவம், ஐம்பது குட்டி இதழ்: வீட்டுப் பட்டறைக்கு முழு வழிகாட்டி

காகிதக் கூழ் பொம்மை விரிசல் விட்டாலும், கோணிப்போனாலும், வண்ணத்துக்கு அடியில் பூஞ்சை பூத்தாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சரியாகக் காயவில்லை. வரையத் தெரிந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் படம் முடிந்துவிடுகிறது, பொம்மையோ பத்து நாள் கேட்கிறது. அந்தப் பத்து நாளை வீணாக்காமல், காயும் நேரத்தில் படமும் இதழும் முடிகிற மாதிரி வேலையை அடுக்குவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

எடுத்துக்கொள்ளும் உருவம் காங்கயம் காளை. பதினொரு சென்டிமீட்டர் நீளம், ஒன்பது உயரம், ஆறு அகலம். ஒரே அச்சில் பத்து உருவம். அதே காளையை வைத்து எட்டுப் பக்க இதழ் ஐம்பது படி. வெளியூர்க் கலைஞர்கள் இந்த வகை இதழை ஸீன் என்கிறார்கள், இங்கே குட்டி இதழ் என்றே வைத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் காளை பொம்மை புதிதில்லை. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுப் பொங்கலை ஒட்டி உழவர்கள் மண் உருவாரம் வைத்து வணங்குவதைப் பார்த்தவர்களுக்கு, குறைந்த வடிவத்தில் ஒரு மாடு எப்படி நிற்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. தூண் மாதிரிக் கால், ஒரு திமில், இரண்டு கொம்பு. மற்றதெல்லாம் விட்டுவிடலாம்.

இடமும் காலமும்

வீட்டில் மூன்று இடம் போதும். வரைவதற்கு ஆசாரத்தில் (கூடத்தில்) வெளிச்சம் விழும் ஒரு மேசை. ஈர வேலைக்குப் பொடக்காளி (புழக்கடை). காய வைக்க, வெயில் நேராகப் படாத, காற்று சுற்றிவரும் ஒரு திண்ணை அல்லது மாடிப்படிக்கு அடி. ஈர வேலையையும் காகித வேலையையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். சாக் பவுடர் ஸ்கேனர் கண்ணாடியில் போய் உட்கார்ந்தால் ஐம்பது பிரதியிலும் புள்ளி விழும்.

தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் விடாமல் அடிக்கும். சீக்கிரம் காயும் என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தோம். காற்று படும் பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி, காளை அந்தப் பக்கமாக வளைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொம்மை தொடங்காமல் இதழ் வேலையை மட்டும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

முதலில் படம்

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கு (மாட்டுச் சந்தைக்கு) போனால் ஒரே நாளில் நூறு காளை பார்க்கலாம். போக முடியாதவர்கள் பக்கத்துத் தோட்டத்துத் தொண்டுப்பட்டியில் (மாடு அடைக்கும் பட்டியில்) ஒரு மணி நேரம் உட்காரலாம். 2பி பென்சில், சின்ன நோட்டு, ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். மாடு அசையும், அசையட்டும். கவனிக்க வேண்டியது மூன்றே: திமில் முதுகில் எந்த இடத்தில் எழுகிறது, அலைதாடி (கழுத்துக்கு அடியில் தொங்கும் தோல்) எங்கே முடிகிறது, கொம்பு வெளியே போய் எப்படிப் பின்னால் வளைகிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கண்ணே வைக்காவிட்டாலும் பார்க்கிறவர் காங்கயம் என்று சொல்வார்.

பிறகு, பொம்மையின் உண்மையான அளவிலேயே நான்கு படம் வரையுங்கள். இடது பக்கம், முன், பின், மேலிருந்து. முதல் மூன்றிலும் திமில் உச்சியும் தரைக்கோடும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துச் சரிபாருங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். அச்சை இரண்டாகப் பிரிக்கும் கோடு முதுகுத்தண்டு வழியாகப் போவதால் அந்தப் படம்தான் மிகவும் தேவை.

மூல உருவமும் அச்சும்

மூல உருவத்துக்கு எண்ணெய்க் களிமண் அரைக் கிலோ. இது காயாது, அதனால் அவசரமில்லை. மண்பாண்டம் செய்கிறவர்களிடம் வாங்கும் பிசைந்த மண்ணிலும் செய்யலாம், ஆனால் ஈரத்துணி போட்டு மூடி இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.

அச்சு பக்கவாட்டில் கழன்று வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தே உருவத்தைப் பிடியுங்கள். இடது முன்னங்காலுக்கும் வலது முன்னங்காலுக்கும் நடுவே இடைவெளி விட்டால் அச்சு அங்கே கொக்கி போட்டுக்கொள்ளும். ஆகவே முன்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒரு பலகை, பின்னங்கால் இரண்டும் சேர்ந்து ஒரு பலகை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வயிற்றுக்கு அடியில் இடைவெளி தாராளமாக விடலாம். கொம்பும் காதும் மூலத்தில் வேண்டாம், பிறகு தனியாக வைக்கலாம்.

உருவத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகுத்தண்டுக் கோடு வரை சுற்றிலும் களிமண் மெத்தை போட்டு மூடுங்கள். மெத்தையில் நான்கு மூலையிலும் கரண்டிக் காம்பால் ஒரு குழி. இந்தக் குழிகள்தான் பின்னால் இரண்டு பாதியையும் நகராமல் பிடிக்கும். சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் இடம் விட்டு அட்டையாலோ டைல்ஸ் துண்டாலோ சுவர் எழுப்பி, மூலையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பெட்டி உள்ளளவு பதினாறுக்குப் பதினான்கு வரும்.

ஒரு பாதிக்கு 700 மில்லி தண்ணீர், 1 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இரண்டு பாதிக்கும் சேர்த்து 2 கிலோ, கைக்காவலுக்கு இன்னொரு கிலோ. பழைய மூட்டையாக இருந்தால் வாங்காதீர்கள், ஈரம் இழுத்த மாவு இறுகாது. தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். கையால் பிடித்துப் பிடித்துத் தூவிக்கொண்டே வந்தால் கடைசியில் தண்ணீருக்கு மேல் மாவு தீவு மாதிரி நிற்கும். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மெதுவாகக் கலக்குங்கள். கை மேலே வந்து போனால் காற்றுக் குமிழி உள்ளே போகும். தயிர் பதம் வந்ததும் பெட்டியின் ஒரு மூலையில் ஊற்றி, தானாகப் பரவ விடுங்கள். மேசையைப் பத்து முறை தட்டினால் குமிழி மேலே வந்துவிடும்.

இறுகும்போது பிளாஸ்டர் நன்றாகச் சுடும். சுட்டு, ஆறிய பிறகே பிரிக்க வேண்டும், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்பி, களிமண் மெத்தையை எடுத்துவிட்டு, பிளாஸ்டர் முகத்தில் சோப்புக் கரைசலை மூன்று முறை பூசித் துடைத்து, அடுத்த பாதியை ஊற்றுங்கள். சோப்பு பூச மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கல்லாகிவிடும். அதற்கு மருந்து கிடையாது, சுத்தியல்தான். மிச்ச பிளாஸ்டரை வாஷ்பேசினில் கழுவி ஊற்றாதீர்கள், குழாயில் போய் இறுகிக்கொள்ளும். வாளியிலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள். மாவைத் தூவும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

அச்சை நிழலில் நான்கைந்து நாள் காய வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அவசரத்துக்கு அடுப்பில், ஓவனில் வைத்தால் பிளாஸ்டர் பொடிந்துபோகும்.

இந்த நான்கைந்து நாளில் இதழுக்கான எட்டுப் பக்கத்தையும் பென்சிலில் முடித்துவிடுங்கள்.

கூழ்

பத்துக் காளைக்கு:

செய்தித்தாள் 200 கிராம்
சாக் பவுடர் 300 கிராம்
புளியங்கொட்டைப் பசை 250 மில்லி
ஃபெவிகால் 150 கிராம்

வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் வேண்டாம், நார் பிரியாது. செய்தித்தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் கரையாது) ஒரு நாள் ஊறவைத்து, வெந்நீரில் அரை மணி நேரம் வேகவிட்டு, பழைய மிக்ஸி ஜாரில் நிறையத் தண்ணீர் விட்டு அடியுங்கள். முப்பது விநாடி ஓட்டி, முப்பது விநாடி நிறுத்தி. தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றி மோட்டார் புகையும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஆனால் அதில் கூழ் ஆட்டிவிட்டு அடுத்த நாள் இட்லி மாவு ஆட்ட முடியாது. அச்சு மை கல்லின் கண்ணுக்குள் இறங்கிவிடும்.

அடித்த கூழைத் துணியில் பிழியும் பதம்தான் முக்கியம். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், அழுத்தினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் கசிய வேண்டும். அதற்குமேல் தண்ணீர் இருந்தால் பொம்மை அதிகம் சுருங்கும். ஒட்டப் பிழிந்துவிட்டால் பசை உள்ளே ஏறாது, காய்ந்தபின் உதிரும்.

புளியங்கொட்டைப் பவுடர் 50 கிராமை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறி இருபது நிமிடம் காய்ச்சினால் கண்ணாடி மாதிரிப் பசை வரும். மைதாப் பசையிலும் செய்யலாம், ஆனால் அதற்குக் கரப்பானும் எலியும் தேடி வரும். பூச்சி பிடிக்காமலிருக்கப் பசையில் இரண்டு கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) சேர்ப்பது பழைய பழக்கம். அது விஷம். தனிப் பாத்திரம், கையுறை வேண்டும். அலமாரியில் வைக்கும் பொம்மைக்கு மட்டும்தான், குழந்தை கையில் போகிற பொம்மைக்குச் சேர்க்கவே கூடாது.

எல்லாவற்றையும் சப்பாத்தி மாவு மாதிரிப் பதினைந்து நிமிடம் பிசையுங்கள். சாக் பவுடர் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அச்சில் அழுத்துவது

அச்சுக்குள் டால்கம் பவுடரை லேசாகத் தூவி ஊதிவிடுங்கள். கூழை நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்துப் பெருவிரலால் அழுத்துங்கள். பெரிய உருண்டையாக வைத்தால் அடியில் காற்று சிக்கி, முகத்தில் பள்ளம் விழும். தடிமன் எங்கும் நான்கைந்து மில்லிமீட்டர். திமிலிலும் கால்களிலும் கூழ் தானாகச் சேர்ந்து தடித்துவிடும், அங்கே விரலால் குடைந்து எடுத்துவிடுங்கள். தடித்த இடம் கடைசியில் காயும். விரிசல் முதலில் விழுவது அங்கேதான்.

மூன்று நான்கு மணி நேரத்தில் ஓரம் அச்சை விட்டு நூலளவு விலகும். அதுதான் எடுக்கும் நேரம். முன்னாலேயே இழுத்தால் மூக்கு அச்சிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு அச்சில் இரண்டு காளைக்கு மேல் எடுக்க முயலாதீர்கள். பிளாஸ்டர் தண்ணீர் குடித்து நிறைந்துவிட்டால் மூன்றாவது காளை இரவு வரை கழலாது. பத்துக் காளைக்கு ஐந்து நாள்.

எடுத்த இரண்டு பாதியையும் எதிரெதிரே வைத்து, நடுவில் நான்கு தீக்குச்சி கொடுத்து, நூலால் தளர்வாகக் கட்டி முறத்தில் வையுங்கள். தனித்தனியாகக் காய விட்டால் ஓரம் சுருண்டு, ஒட்டும்போது பொருந்தாது. தீக்குச்சி இடைவெளியில் காற்று உள்ளே போகும்.

ஒரு நாள் கழித்து, நகம் பட்டால் தழும்பு விழும் அளவு ஈரம் இருக்கும்போது ஒட்டுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு.

கொம்பு: பதினாறு சென்டிமீட்டர் ஜி.ஐ. கம்பி, 18 கேஜ். ஒரே கம்பியாகத் தலைக்குள் குறுக்கே போய் இரு பக்கமும் வெளியே வர வேண்டும். இரண்டு துண்டாகக் குத்தி வைத்தால் முதல் கைபட்டதும் ஆடும். கட்டட வேலைக்கு வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பி விலை குறைவுதான், ஆனால் ஈரக் கூழில் துருப்பிடித்து மூன்று பூச்சு வெள்ளைக்கு மேலும் பழுப்புக் கறை எழும்பி வரும். கம்பி வழுக்கும், கூழ் பிடிக்காது. பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, ஃபெவிகால் தடவி, அதன் மேல் மெல்லிய கூழ்.

எடை: தலை பெருத்த காளை முன்னால் குப்புற விழும். பின்னங்கால் பக்கம் உள்ளே இரண்டு கூழாங்கல் வைத்துக் கூழால் மூடிவிடுங்கள். இரும்பு நட்டு வேண்டாம், மறுபடியும் துரு. கிலுகிலுப்பை வேண்டுமென்றால் ஐந்தாறு புளியங்கொட்டை போடலாம், வறுத்ததாக இருக்கட்டும். பச்சைக் கொட்டையில் வண்டு விழும்.

காய்வது

முதல் நாள் முறத்தின் மேல் வேட்டித்துணி போட்டு மூடி வையுங்கள், நேர்க்காற்றும் வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து திறந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். ஐந்து முதல் ஏழு நாள். கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று முடிவுக்கு வராதீர்கள், வெளித்தோல் இரண்டாம் நாளே காய்ந்த மாதிரி இருக்கும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, காளையின் வயிற்றுக்கு அடியில் பென்சிலில் எழுதுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால்தான் காய்ந்தது. கடைசி ஒரு நாள் வெயிலில் வைக்கலாம்.

மயிரிழை விரிசல் வந்தால் பயப்பட வேண்டாம், கூழில் ஃபெவிகால் அதிகம் கலந்து தேய்த்து அடைத்துவிடலாம். ஒட்டின இடம் நீளத்துக்கும் பிளந்துகொண்டால், ஒட்டும்போது பாதிகள் ஒன்று ஈரமாகவும் ஒன்று காய்ந்தும் இருந்திருக்கின்றன. பிரித்து, ஓரங்களை நனைத்து, மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

பூச்சும் வண்ணமும்

120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. அடிப்பூச்சுக்கு சாக் பவுடர் 100 கிராம், ஃபெவிகால் 40 மில்லி, தண்ணீர் 60 மில்லி. மூன்று முறை, ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. பசை கூடினால் உப்புத்தாள் வழுக்கும், குறைந்தால் விரலில் வெள்ளை ஒட்டும்.

மயிலைக் காளையின் சாம்பலை வெள்ளையும் கறுப்பும் கலந்து எடுத்தால் சிமெண்ட் மாதிரி செத்துக் கிடக்கும். வெள்ளையில் அல்ட்ராமரைன் நீலம் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா கொஞ்சம். திமில், கழுத்து, தொடை இருட்டாகவும் வயிறு வெளுத்தும் போக வேண்டும். கன்றுகள் செவலையாகப் பிறந்து பிறகுதான் நிறம் மாறும், பத்தில் ஒன்றைச் செவலையாக விடலாம், ஒன்றைக் காரியாக, அதாவது கறுப்பாக. அக்ரிலிக் வண்ணம்தான் சரி. போஸ்டர் கலர் வார்னிஷ் பிரஷ் பட்டதும் கரைந்து இழுக்கும். மேட் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு முறை. மழை நாளில் அடித்தால் வெண்படலம் பூக்கும்.

குட்டி இதழ்

ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, எட்டுப் பக்கம். தாளைப் படுக்கையாக வைத்து, நான்கு நிரல் இரண்டு வரிசையாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் 74 மில்லிமீட்டர் அகலம், 105 உயரம். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையில் 7, 6, 5, 4, இவை நான்கும் தலைகீழாக. முதல் முறை செய்கிறவர்கள் வெற்றுத் தாளில் எண் போட்டு மடித்துப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

மடிப்பு: எட்டுக் கட்டமும் தெரியும்படி எல்லா மடிப்பையும் போட்டு நகத்தால் நீவி விரியுங்கள். அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்டுங்கள். விரித்தால் நடு இரண்டு கட்டத்துக்கும் இடையே வாய் திறந்திருக்கும். நீளவாக்கில் மடித்து இரு ஓரத்தையும் உள்நோக்கித் தள்ளினால் வாய் விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். சுற்றி மடித்தால் இதழ். வெட்டு ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் பக்கம் தொங்கும்.

படத்தைக் கட்டத்தைவிடப் பெரிதாக, ஏ6 அளவில் வரைந்து 71 சதவீதமாகக் குறைப்பது நல்லது. கைநடுக்கம் மறையும். ஆனால் கோடும் மெலியும்: 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த பேனாக் கோடு ஜெராக்ஸில் அறுந்து வரும். பென்சில் நிழல் வேண்டாம், அழுக்குத் திட்டாக விழும். நிழலைக் கோடாலேயே போடுங்கள். ஓரத்தில் 5 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள், ஜெராக்ஸ் மெஷின் அதற்குள் அச்சடிக்காது. ஸ்கேன் 600 டிபிஐ.

தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம். கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் டிஎன்பிஎல் தாளும், பள்ளிபாளையம் சேஷசாயி ஆலைத் தாளும் நம் ஊர்ச் சரக்கே. 100 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் எட்டு மடிப்பில் இதழ் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். அட்டையில் ஒரு வண்ணம் வேண்டுமென்றால் ஓஎச்பி ஷீட்டில் திமிலை மட்டும் வெட்டி, திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பந்தாகச் சுருட்டி வண்ணத்தை ஒற்றி எடுங்கள். வண்ணம் கெட்டியாக இருக்கட்டும், நீர்த்தால் ஷீட்டுக்கு அடியில் ஓடும்.

சொல்ல நிறைய இருக்கிறதென்றால் நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்துப் பதினாறு பக்கம். இருபக்க அச்சுக்கு ஜெராக்ஸ் கடையில் ஷார்ட் எட்ஜ் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும். பின் அடிப்பதைவிட நூல் தையல் அழகு. முதுகு மடிப்பில் நடுவில் ஒரு துளை, இரு முனையிலிருந்தும் நான்கு சென்டிமீட்டரில் ஒவ்வொரு துளை. 55 சென்டிமீட்டர் நூலை மெழுகுவத்தியில் இழுத்து, உள்ளிருந்து நடுத்துளையில் வெளியே, மேல்துளையில் உள்ளே, உள்பக்கமாக நீளமாக வந்து கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு நுனியும் நீள நூலின் இரு பக்கமும் இருக்க, அதன் மேல் முடிச்சு.

அடுக்கி வைப்பது

காளையின் வயிற்றில் எடை எழுதின இடத்துக்குப் பக்கத்திலேயே 1/10, 2/10 என்று எண் போடுங்கள். பெட்டிக்குள் தெர்மாகோலுக்குப் பதில் பனியன் வேஸ்ட், கொம்பைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாக. இதழைக் காளைக்கு அடியில் வைக்காமல் மூடியின் உள்பக்கம் ஒட்டின உறையில் செருகுங்கள். முதலில் எடுத்த காளையை விற்காதீர்கள், அடுத்த முறை வண்ணம் ஒத்துப்பார்க்க அது வேண்டும்.

அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தனித்தனியாகக் கிடந்தால் ஓரம் உடையும், அடுத்த தையில் பாதிகள் பொருந்தாது.